துப்பாக்கி வாங்க பர்சனல் லோனா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கிளையன்ட் ஐடிஆர் ஃபைல் பண்ண வந்திருந்தார். வயசு 28. சிறுசேரியில் வேலை. அப்பா, அம்மா சொந்த ஊரில் தனியா இருக்காங்க. ஃபார்ம் 16-ஐ மேஜையில் வச்சவர், வரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "அண்ணா, ஒரு ரிவால்வர் வாங்க பர்சனல் லோன் எடுக்கலாமா?"ன்னு கேட்டார்.

அவங்க பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை உடைச்சு நகையை எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அன்னையிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி 2 மணிக்கு நாய் குரைச்சாக்கூட மகனுக்கு போன் வருது. 400 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற பையன் என்ன பண்ணுவான்? யூடியூபில் துப்பாக்கி வீடியோ பார்க்க ஆரம்பிச்சிருக்கார்.

நான் சிரிக்கல. காரணம், எங்க வீட்டுப் பரண்.

எங்க வீட்டுப் பரணில் இருந்தது

என் தாத்தாவுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கொஞ்சம் நிலம். மக்காச்சோளம், நிலக்கடலை போடுவார். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கும். அதுக்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தார். 2015-ல் தாத்தா இறந்தார். நான் அப்போதான் சி.ஏ. முடிச்சிருந்தேன். சொத்துப் பட்டியல் போடுற வேலை என் தலையில். பட்டா, பாஸ்புக், தபால் நிலைய டெபாசிட், பழைய பைக், கூட்டுறவு சங்கப் பங்கு வரைக்கும் ஒண்ணு விடாம எழுதினேன். துப்பாக்கியை எழுதல. தோணவே இல்லை.

2018 போகிக்கு முந்தின நாள். பரணைச் சுத்தம் பண்ணிட்டிருந்தோம். அக்கா பையன், அப்போ 7 வயசு, சாக்கில் சுத்தியிருந்த ஒண்ணை இழுத்துப் போட்டான். பிரிச்சான். தங்கச்சி பக்கம் நீட்டி "டிஷ்யூம்"னான். மாமா ஒரே எட்டில் போய்ப் பிடுங்கினார். குழலைத் திறந்து பார்த்தார்.

உள்ளே தோட்டா இருந்துச்சு.

மூணு வருஷமா அந்தப் பரணுக்குக் கீழதான் குழந்தைங்க தூங்கியிருக்காங்க.

மறுநாளே வக்கீலைக் கூட்டிக்கிட்டு மாமா ஸ்டேஷனுக்குப் போனார். நாங்களே கொண்டுபோய் ஒப்படைச்சதால வழக்கு ஆகாம முடிஞ்சுது. ஆனா விளக்கக் கடிதம், வாரிசுச் சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ் நடைன்னு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஊர் பூரா கணக்கு எழுதுறவன், சொந்த வீட்டுப் பட்டியலில் ஒரு ஐட்டத்தை விட்டுட்டேன். அதுவும் எந்த ஐட்டத்தை!

பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் சொத்து, இன்னொரு பக்கம் பொறுப்பு. துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்குறதால அதை எல்லாரும் சொத்துப் பக்கம் எழுதுறாங்க. அது உட்கார வேண்டிய இடம் பொறுப்புப் பக்கம். வாங்கின நாளிலிருந்து நீங்க இருக்கிற வரைக்கும், நீங்க போன பிறகும்கூட, யாராவது ஒருத்தர் அதுக்குப் பதில் சொல்லிட்டே இருக்கணும். இன்னைக்கு இந்தக் கணக்கைத்தான் வரி வரியாப் பார்க்கப் போறோம்.

முதல் வரி: கேட்டா கிடைக்குமா?

நம்ம நாட்டில் துப்பாக்கி வச்சுக்கிறது உரிமை கிடையாது. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம வாங்கவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாது. குறைந்தபட்ச வயசு 21. (போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற ஜூனியர் வீரர்களுக்கு மட்டும் தனி விதி.) மாவட்டங்களில் கலெக்டரும், மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் தர்ற அதிகாரிகள்.

விண்ணப்பம் போட்டா லோக்கல் போலீஸ் விசாரணை அறிக்கை வரும். உடல்நலம், மனநலம் ரெண்டுக்கும் டாக்டர் சான்றிதழ் கேட்பாங்க. ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி முடிச்சிருக்கணும். எங்கே, எப்படிப் பத்திரமா வைக்கப் போறீங்கன்னு உறுதிமொழி கொடுக்கணும். இதெல்லாம் 2016 ஆயுத விதிகளில் வந்தது. "உங்களுக்கு ஏன் வேணும்?" இதுதான் மெயின் கேள்வி. "பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்துச்சு"ங்கிற பதில் பெரும்பாலும் நிற்காது.

ஒரு சின்ன ஆச்சரியம்: சொத்து இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாதுன்னு அதே சட்டத்தின் 14-வது பிரிவு சொல்லுது. ஆக, சம்பளக்காரரா இருக்கிறது தடை இல்லை. காரணம் இல்லாம இருக்கிறதுதான் தடை.

2019-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. முன்னாடி ஒருத்தர் 3 துப்பாக்கி வரை வச்சுக்கலாம். இப்போ 2 தான். லைசென்ஸ் காலம் 3 வருஷத்திலிருந்து 5 வருஷம் ஆச்சு. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா குறைந்தபட்சமே 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை, கூடவே அபராதம். கல்யாணம், திருவிழாவில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி பண்ணினா, அதுக்கும் 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது ரெண்டுமே. "தெரிஞ்ச ஒருத்தர் கம்மி விலைக்கு வாங்கித் தர்றேன்னார்"னு யாராவது ஆரம்பிச்சா, அங்கிருந்து எழுந்து வந்துடுங்க. ஒரு வழக்கு வந்தா பாஸ்போர்ட், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், வேலை எல்லாத்தையும் சேர்த்துத் தொடும்.

ரெண்டாவது வரி: என்ன செலவு?

சாதாரண ஆட்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி பண்ண முடியாது. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிச் சுடுதல் வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றவங்களுக்கு இந்தியத் தயாரிப்பு, இல்லைன்னா ஏற்கெனவே இங்கே இருக்கிற பழசு. 2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்காகன்னு 'நிர்பீக்' என்கிற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தினப்போ அதன் விலை 1,22,360 ரூபாய். பத்து வருஷத்துக்கு மேல பழைய விலை இது.

அடுத்தது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்களை மாத்தினாங்க இல்லையா? டிவி, ஏசி, சின்ன கார் எல்லாம் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்குச்சுன்னு நானே வீடியோவில் சந்தோஷமாச் சொன்னேன். அதே நாளில் ரிவால்வரும் பிஸ்டலும் 28-லிருந்து 40 சதவீதத்துக்கு ஏறிச்சு. சொகுசுப் படகு இருக்கிற அதே வரிசை. நீங்க இதை வாங்குறதை அரசு எந்தப் பார்வையில் பார்க்குதுன்னு இதை வச்சே புரிஞ்சுக்கலாம்.

நம்ம கிளையன்டுக்குப் போட்ட கணக்கு இது. வரிக்கு முன் விலை 1 லட்சம்னு வச்சுக்குவோம். ஜிஎஸ்டி 40,000. மொத்தம் 1,40,000. இதை 14% வட்டியில் 3 வருஷ பர்சனல் லோனா எடுத்தா இஎம்ஐ சுமார் 4,785 ரூபாய். மூணு வருஷத்தில் கட்டுறது சுமார் 1,72,000. வட்டி மட்டுமே 32,000-க்கு மேல.

இதோட முடியாது. பூட்டு வச்ச இரும்புப் பெட்டி, தோட்டா, பயிற்சி, சுத்தம் பண்ற எண்ணெய், 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. தோட்டாவும் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. எத்தனைன்னு லைசென்ஸிலேயே இருக்கும். விக்கணும்னா லைசென்ஸ் உள்ளவருக்கோ, அங்கீகரிக்கப்பட்ட டீலருக்கோ மட்டும்தான், அதுவும் முறைப்படி தகவல் கொடுத்து. அவசரத்துக்குப் பணமாக்க முடியாத பொருளுக்கு முதலீடுன்னு பேர் வைக்க முடியாது.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. தேர்தல் அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வாங்க. விலக்கு உண்டு, ஆனா சிலருக்கு மட்டும். நம்ம ஊரில் நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சின்னு எத்தனை தேர்தல்! அந்த வாரங்களில் உங்க பாதுகாப்பு ஸ்டேஷன் அறையில் இருக்கும்.

மூணாவது வரி: அது உண்மையிலேயே காப்பாத்துமா?

இதுதான் முக்கியமான வரி. கொஞ்சம் நிதானமாப் படிங்க.

திருடன் பெரும்பாலும் பூட்டின வீட்டைத்தான் தேடுவான். நீங்க ஊருக்குப் போயிருக்கும்போது துப்பாக்கி உங்களைக் காப்பாத்தாது. திருட்டுப் போற பொருள் பட்டியலில் அதுவும் ஒண்ணாச் சேரும். அது யார் கையில், எந்தக் குற்றத்தில் போய் நிற்கும்ங்கிற பயம் வேற.

சரி, வீட்டில் ஆள் இருக்கும்போது வந்தா? இங்கேதான் சிக்கல். துப்பாக்கியைப் பத்திரமா வைக்கிறதுன்னா தோட்டாவை எடுத்துட்டு, பூட்டி, சாவியைத் தனியா வைக்கணும். அப்படி வச்சா ராத்திரி 2 மணிக்கு, இருட்டில், பதட்டத்தில் 65 வயசு அப்பாவால அதை எடுத்துத் தயார் பண்ண முடியாது. எடுக்க வசதியா, தோட்டா போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வச்சா? எங்க வீட்டுப் பரண் கதைதான். பத்திரமும் தயாரும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. ரெண்டையும் ஒரே நேரத்தில் வாங்க எந்தக் கடையிலும் முடியாது.

சட்டம் என்ன சொல்லுது? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பத்தினவை. ராத்திரியில் வீட்டை உடைச்சு நுழையுறவங்களுக்கு எதிரா அந்த உரிமை ரொம்ப தூரம் போகும், உயிர்ச்சேதம் வரைக்கும்கூட. ஆனா 37-வது பிரிவு ஒரு கோடு போடுது: தேவைக்கு மேல தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தா அந்த உரிமையே கிடையாது. "தேவை எவ்வளவு"ன்னு பின்னாடி கோர்ட்டில் உட்கார்ந்து தீர்மானிப்பாங்க. உங்களுக்குக் கிடைக்கிறது அஞ்சு நொடி. மதில் ஏறிக் குதிச்சவன் பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையனா இருந்தா, எந்தப் பிரிவும் உங்களுக்கு நிம்மதி தராது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாம விட முடியாது. வேலை போன மாசம், கடன் நெருக்குற மாசம், வீட்டில் சண்டை வந்த ராத்திரின்னு எல்லா வீட்டிலும் சில நேரம் வரும். அந்த வேகம் கொஞ்ச நேரத்தில் அடங்கிடும். ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டுற தூரத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ அப்படி ஒரு நிலைமைன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலிமானஸ், அரசோட இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

அப்போ அந்த 1,40,000-ஐ வச்சு என்ன பண்ணலாம்?

கிளையன்ட் கேட்ட அடுத்த கேள்வி இதுதான். "அம்மாவுக்குத் தூக்கம் வரணும் அண்ணா, அவ்வளவுதான்." சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோம்.

முதல்ல, திருட வந்தவனுக்கு வேலை அதிகமாகணும். பின்வாசல் கதவு பழைய தகரத் தாழ்ப்பாளில் நின்னுட்டிருந்துச்சு. அங்கே நல்ல கதவு, உள்பூட்டு, இரும்புக் கிரில் கேட். வாசலிலும் கொல்லையிலும் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா எரியுற லைட். மொபைலில் பார்க்கிற மாதிரி ரெண்டு கேமரா. கேமரா திருடனைப் பிடிக்காது. ஆனா ராத்திரி நாய் குரைச்சா அம்மா மகனை எழுப்ப வேண்டியதில்லை. படுத்த இடத்திலிருந்தே வாசலைப் பார்த்துக்கலாம். கதவும் கிரில்லும் சேர்த்து மொத்தம் 60,000-க்குள் முடிச்சோம்.

அடுத்து, வீட்டில் திருட எதுவும் இருக்கக் கூடாது. தினமும் போடாத நகை லாக்கருக்குப் போகணும். ரிசர்வ் வங்கியின் 2021 வழிகாட்டுதல்படி, தீ விபத்து, திருட்டு, கொள்ளை, வங்கி ஊழியரின் மோசடியால் லாக்கரில் இருப்பது போனா, வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. வாடகை 2,000-ன்னா 2 லட்சம் வரை. 10 லட்சம் நகை வச்சிருந்தா மீதிக்குத் தனிக் காப்பீடு வேணும்னு புரிஞ்சுக்கோங்க. (லாக்கரில் துப்பாக்கி வைக்கலாமான்னு கேட்காதீங்க. ஆயுதம், வெடிபொருள், பணக்கட்டு எதுக்கும் அங்கே அனுமதி இல்லை.)

மூணாவது, காப்பீடு. 'பாரத் கிருஹ ரக்ஷா'ங்கிற ஸ்டாண்டர்டு வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரலில் வந்துச்சு. தீ, வெள்ளம், புயலுக்கு நல்ல பாலிசி. ஆனா சாதாரணத் திருட்டுக்கு அது பணம் தராது. தீ, வெள்ளம் மாதிரி நடந்த சம்பவத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கிற திருட்டுக்கு மட்டும்தான். வீட்டை உடைச்சுத் திருடுறதுக்குத் தனியா கவர் சேர்க்கணும். நகைக்கும் தனியாக் கேட்டுச் சேர்க்கணும். "எல்லாம் கவர் ஆகும் சார்"னு ஏஜென்ட் சொன்னா, எந்தப் பக்கத்தில் எழுதியிருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

கடைசியா, செலவே இல்லாத ஒண்ணு. வெளியூர் போகும்போது லோக்கல் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்க. ரோந்து போற போலீஸ் ஒரு பார்வை பார்த்துட்டுப் போவாங்க. அப்பா, அம்மா மொபைலில் 112-ஐயும், எதிர்வீட்டு அண்ணன் நம்பரையும் முதல் ரெண்டு இடத்தில் வைங்க.

மொத்தக் கணக்கு முதல் வருஷம் சுமார் 70,000. லோன் வேண்டாம். அவரோட போனஸிலேயே முடிஞ்சுது.

சுடுறது பிடிச்சிருக்குன்னா?

இது வேற கணக்கு, சந்தோஷமான கணக்கு. விளையாட்டுன்னா தாராளமாப் போங்க. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கின ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். நம்மைப் போல மாசச் சம்பளக்காரர்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் எல்லாம் அதே ஒலிம்பிக்கில் ஆடினவங்க.

ஆரம்பிக்க வேண்டிய இடம் ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் இயங்குறது. .177 அளவுக்குள்ளும், 20 ஜூல் சக்திக்குள்ளும் இருந்தா லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். அதைத் தாண்டினா லைசென்ஸ் கட்டாயம். அதனால பில்லில் மாடலும் சக்தியும் எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க, பில்லைப் பத்திரமா வைங்க.

எதைத் தேர்வு பண்றது? என் சிபாரிசு: முதல் 3 மாசம் எதையுமே வாங்காதீங்க. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் ரைபிள் கிளப்புகள் இருக்கு. அங்கே கிளப் துப்பாக்கியில் பயிற்சி எடுங்க. 10 மீட்டர் ஏர் ரைபிளில் நடுப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். ஏர் பிஸ்டலில் பத்து பாயின்ட் வட்டம் 11.5 மில்லிமீட்டர், ஆனா ஒரே கையில் நீட்டிப் பிடிக்கணும். எது உங்க உடம்புக்கும் பொறுமைக்கும் ஒத்துவருதுன்னு ரேஞ்சில் நின்னாத்தான் தெரியும். எந்தக் கண் ஆதிக்கக் கண், தோளுக்கும் கன்னத்துக்கும் கட்டை சரியா உட்காருதா, எடையை ஒரு மணி நேரம் தாங்க முடியுதா, இதெல்லாம் விலையைவிட முக்கியம்.

இந்தியத் தயாரிப்புப் பயிற்சி ரைபிள்கள் சில ஆயிரத்திலிருந்து கிடைக்கும். போட்டித் தரத்தில் வெளிநாட்டு ஏர் பிஸ்டல்னா ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ஜிம் மெம்பர்ஷிப்பை ஜனவரியில் கட்டி மார்ச்சில் நிறுத்தின அனுபவம் நமக்கு இருக்கு. அதனால மாநிலப் போட்டியில் ஒரு முறை ஆடின பிறகுதான் பெரிய துப்பாக்கி. அதுவும் இஎம்ஐ-யில் வேண்டாம். 18 மாச ஆர்டி போட்டு வாங்குங்க. தோட்டா போடுற ரைபிளுக்குப் பின்னாடி போகணும்னாலும் கிளப் வழிதான் நல்ல வழி. கிளப்பில் 2 வருஷம் தொடர்ந்து பயிற்சி எடுக்கிற வீரர்களை லைசென்ஸுக்குப் பரிசீலிக்க விதியில் இடம் இருக்கு.

ஒரு எச்சரிக்கை: ஏர் ரைபிள் பொம்மை இல்லை. கண்ணில் பட்டா பார்வை போயிடும். மொட்டை மாடியில் நின்னு குருவி, குரங்கு, தெருநாயைச் சுட்டா வனவிலங்குச் சட்டம், விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் எல்லாம் வரும்.

வீட்டில் வைக்கும் முறை

ஏர் ரைபிளோ, லைசென்ஸ் துப்பாக்கியோ, வைக்கிற முறை ஒண்ணுதான்.

1. வீட்டுக்குள்ளே நுழையும் முன்னாடியே காலி பண்ணுங்க. குழலைத் திறந்து கண்ணால் பாருங்க, விரலால் தொட்டும் பாருங்க. "நேத்தே காலி பண்ணினேன்"ங்கிற ஞாபகத்தை நம்பாதீங்க. எங்க தாத்தாவும் காலி பண்ணிட்டதா நினைச்சிருப்பார்.

2. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். ஒரே பீரோவின் ரெண்டு தட்டு கணக்கில் வராது.

3. பெட்டி இரும்பா இருக்கணும். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டிருக்கணும். தூக்கிட்டுப் போகக்கூடிய பெட்டி, திருடனுக்குப் பார்சல் பண்ணி வச்ச மாதிரி.

4. விசைப் பகுதியை மூடுற டிரிகர் லாக் போடுங்க. சில நூறு ரூபாய்தான்.

5. சாவி லைசென்ஸ்தாரரிடம் மட்டும். பூஜை அறை, சாமி படத்துக்குப் பின்னாடி, அரிசி டப்பான்னு வைக்காதீங்க. இந்த மூணு இடமும் குழந்தைகளுக்கு நம்மளைவிட நல்லாத் தெரியும்.

6. கடலோர ஊர்னா துரு சீக்கிரம் பிடிக்கும். எண்ணெய் தடவி வைங்க, பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்க. உறையிலேயே மாசக்கணக்கில் வைக்காதீங்க.

7. நீண்ட நாள் வெளியூர் போனா, அங்கீகரிக்கப்பட்ட ஆயுத டீலரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைச்சு ரசீது வாங்குங்க.

8. போட்டோ, ரீல்ஸ் வேண்டாம். உங்க வீட்டில் துப்பாக்கி இருக்குன்னு ஊருக்கே விளம்பரம் எதுக்கு?

ஆன்சைட் போறவங்களுக்கு ஒரு வார்த்தை

நம்ம வாசகர்களில் நிறைய பேர் அமெரிக்காவுக்கு ஆன்சைட் போறீங்க. அங்கே வால்மார்ட்டில்கூட வேட்டைத் துப்பாக்கி விக்கிறதைப் பார்த்துட்டு, நமக்கும் பொருந்தும்னு நினைச்சுடாதீங்க. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு அமெரிக்க மத்திய சட்டம் சொல்லுது. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. மீறினா 15 வருஷம் வரை சிறை.

"வாங்கல, வீக்கெண்டில் ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன்"ங்கிறதும் ஆபத்துதான். கையில் வச்சிருந்தாலே சட்டத்தின் கணக்கில் அது வச்சிருந்ததுதான். அதைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுறது, உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே தயார் பண்ணிக் கொடுக்கிறது. பல வருஷமா கட்டின கிரீன் கார்டு கனவை ஒரு செல்ஃபிக்கு விக்காதீங்க. டீம் அவுட்டிங் ரேஞ்சில்னா முதல்ல ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேளுங்க, இல்லைன்னா பௌலிங் போயிடுங்க.

வாரிசுக்கு எழுதி வைங்க

எங்க வீட்டில் நடந்த தப்பு உங்க வீட்டில் நடக்காம இருக்க ஒரே ஒரு வேலை போதும்.

லைசென்ஸ் வச்சிருந்தவர் இறந்துட்டா, அந்த லைசென்ஸ் குடும்பத்துக்குத் தானா வராது. துப்பாக்கியை உடனே ஸ்டேஷனிலோ அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். அப்புறம் வாரிசு தன் பேரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம், இல்லைன்னா விக்கலாம், சரண்டர் பண்ணலாம். உயிரோட இருக்கும்போதே மாத்தவும் வழி இருக்கு: 70 வயசு ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தாலோ, தன் வாரிசுகளில் ஒருத்தரைக் குறிப்பிட்டு அவர் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம்னு 2016 விதிகள் சொல்லுது. தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா, எனக்கும் தெரிஞ்சிருந்தா, அந்தச் சாக்கு பரணுக்கே போயிருக்காது.

அதனால இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம வீட்டில் பழைய துப்பாக்கி ஏதாவது இருக்கா? லைசென்ஸ் எப்போ முடியுது?" மலையடிவார ஊர், பெரிய விவசாயக் குடும்பம், முன்னாள் ராணுவத்தினர் இருக்கிற வீடுன்னா கண்டிப்பாக் கேளுங்க. இருந்தா, எல்ஐசி பாலிசி நம்பர் எழுதி வச்சிருக்கிற அதே நோட்டில் லைசென்ஸ் நம்பர், முடியும் தேதி, துப்பாக்கி இருக்கிற இடம், சாவி யாரிடம்னு நாலு வரி எழுதச் சொல்லுங்க. அதைப் பொறுப்புப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்க.

நம்ம கிளையன்ட் போன வாரம் பேசினார். லோன் விண்ணப்பத்தை விட்டுட்டார். பின்வாசலுக்கு கேட் போட்டாச்சு. நகை லாக்கருக்குப் போயாச்சு. "அம்மா தூங்குறாங்களா?"ன்னு கேட்டேன். "தூங்குறாங்க அண்ணா. ஆனா இப்போ கேமராவில் வர்ற பூனையைப் பார்த்துட்டு, காலையில் அதோட போட்டோவை எனக்கு அனுப்புறாங்க"ன்னார்.

நம்ம அக்கா பையனுக்கு இப்போ மீசை அரும்புது. அவனுக்கு அந்தப் போகி சுத்தமா ஞாபகம் இல்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு கிளையன்டின் சொத்துப் பட்டியலை முடிக்கும்போதும் அது வரும். இப்போ எல்லாப் பட்டியலிலும் கடைசியா ஒரு வரி சேர்த்திருக்கேன்: "வீட்டில் ஆயுதம் ஏதாவது இருக்கா?" முக்கால்வாசிப் பேர் சிரிச்சுட்டு இல்லைன்னு சொல்வாங்க. சிரிக்காம யோசிக்கிறவங்களுக்காகத்தான் அந்த வரி.